ஆக்ஸ்போர்டில் அன்னை மரியாளின் இல்லம்

இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு நகருக்கு முதன்முறையாகச் செல்வோர், "பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?" என்று வழியில் எவரையேனும் கேட்பதுண்டு. கேட்கப்பட்டவர் சற்றுத் திகைத்துப் புன்னகை செய்வார். நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் நீண்ட மதிற்சுவர், பெரிய பெயர்ப்பலகை, உள்ளே வரிசையாகக் கட்டடங்கள் என்று கண்ணுக்குக் காட்டிவிடலாம். ஆக்ஸ்போர்டில் அவ்வாறு காட்ட இயலாது. அங்கே இருப்பவை முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொன்றும் தனித்தனி வாயிலும், தனித்தனி ஆலயமும், தனித்தனி உணவுக்கூடமும், தனித்தனி வரலாறும் உடைய ஓர் இல்லம். பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும், பட்டம் வழங்கும், பொது விரிவுரைகளுக்கு ஏற்பாடு செய்யும். ஆனால் மாணவனைத் தேர்ந்தெடுப்பதும், அவனுக்கு அறையும் உணவும் தருவதும், அருகில் அமர்த்திப் பாடம் சொல்வதும் கல்லூரியே. அங்கே கல்லூரி என்பது முதலில் ஒரு வீடு. அதன் பிறகே பள்ளிக்கூடம்.

அத்தகைய வீடுகளுள் ஒன்றாகிய ஓரியல் கல்லூரியையே நாம் இங்கே காணப் புகுகின்றோம். ஆக்ஸ்போர்டில் இதைவிடப் பெரிய கல்லூரிகள் உண்டு. செல்வத்தில் மிக்கவையும் உண்டு. ஆயினும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இதன் கதையை அறிந்திருத்தல் நன்று. காரணம், அதன் முழுப்பெயரிலேயே தொடங்குகிறது. சட்டப்படி அதன் பெயர் ஓரியல் அன்று. "ஆக்ஸ்போர்டிலுள்ள முத்திப்பேறுபெற்ற கன்னி மரியாளின் இல்லம்" என்பதே சாசனத்தில் உள்ள பெயர். ஓரியல் என்பது ஊரார் இட்ட பெயர்.

ஆதாம் தே புரோம் என்னும் குருவானவர் அரசாங்க அலுவலில் இருந்தவர். ஆக்ஸ்போர்டில் உள்ள புனித கன்னி மரியாள் ஆலயத்தின் பங்குக் குருவுமாவார். மேற்படிப்புக்கு வரும் ஏழைக் குருக்கள் கூடி வாழ ஓர் இல்லம் அமைக்க எண்ணி, 1324ஆம் ஆண்டில் அரசரிடம் அனுமதி பெற்றார். 1326ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் அரசர் இரண்டாம் எட்வர்டே அதன் நிறுவனர் என்னும் பொறுப்பை ஏற்றுப் புதிய சாசனம் அளித்தார். ஒரு தலைவர், பத்து உறுப்பினர். தொடக்கத்தில் அவ்வளவே அந்தக் குடும்பம். தலைவருக்குப் புரோவோஸ்ட் என்றும் உறுப்பினர்களுக்கு ஃபெலோ என்றும் பெயர். முதல் புரோவோஸ்ட் புரோம் அடிகளே. அவர்கள் இறையியல் கற்க வேண்டும். ஒரே மேசையில் உண்ண வேண்டும். நன்மை செய்தோரின் ஆன்மாக்களுக்காகச் செபிக்க வேண்டும். புனித கன்னி மரியாள் ஆலயத்தின் வருமானமே கல்லூரிக்கு வாழ்வாதாரம் ஆயிற்று. சாசனம் அளித்த அரசர் மறு ஆண்டே அரியணை இழந்து சிறையில் மாண்டார். இல்லமோ நிலைத்துவிட்டது. 2026ஆம் ஆண்டோடு அதற்கு வயது 700.

அரசர் மகன் மூன்றாம் எட்வர்டு, லா ஓரியோல் என்ற பெரிய வீடு ஒன்றைக் கல்லூரிக்கு அளித்தார். மாடியில் சுவரை விட்டு வெளியே துருத்தி நிற்கும் சாளரத்துக்கு ஓரியல் என்று பெயர். வீட்டுப் பெயர் அதிலிருந்து வந்தது என்பர். இப்போதைய கல்லூரி நிற்பது அந்த வீட்டின் மனையிலேதான். 1328ஆம் ஆண்டில் அதே அரசர், நகருக்கு வெளியே இருந்த புனித பர்த்தலோமேயு தொழுநோயாளர் இல்லத்தையும் கல்லூரியின் பொறுப்பில் ஒப்படைத்தார். நகரில் கொள்ளைநோய் பரவிய காலங்களில் கல்லூரியார் அவ்விடத்திற்கே சென்று தங்கியிருக்கின்றனர். ஊரார் ஒதுக்கி வைத்தோர்க்கென அமைந்த இடம், ஒதுக்கி வைத்த ஊருக்கே புகலிடம் ஆயிற்று! அவ்விடத்துச் சிறு கற்கோயில் இன்றும் இருக்கிறது. பரபரப்பான கௌலி சாலையிலிருந்து ஒரு சந்து வழியாக உள்ளே நடந்தால் காணலாம். பயணிகளில் பெரும்பாலோர் அதை அறிவதில்லை.

இனிக் கல்லூரிக்குள் நுழைவோம். ஓரியல் சதுக்கத்திலிருந்து கோபுர வாயில் வழியாக முன் முற்றத்தை அடைகின்றோம். ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் அமைப்பை அறிய இந்த முற்றம் ஒன்றே போதும். நடுவே பச்சைப் புல்வெளி. நான்கு புறமும் மஞ்சள் தோய்ந்த கல் கட்டடங்கள். 1620க்கும் 1642க்கும் இடையில் பழைய வீடுகளை அகற்றிவிட்டு எழுப்பியவை இவை. வாயிலுக்கு நேர் எதிரே படிகளோடு கூடிய முகப்பு. அதன் மேல் விளிம்பில் கல்லைத் துளைத்துச் செதுக்கிய இலத்தீன் எழுத்துகள், அது முதலாம் சார்லஸ் மன்னரின் ஆட்சிக்காலம் என்று அறிவிக்கின்றன. அதற்கும் மேலே இரண்டு அரசர்களின் சிலைகள். ஒருவர் இரண்டாம் எட்வர்டு. மற்றவர் ஸ்டுவர்ட் மரபினர். அவர்கள் இருவருக்கும் மேலே, உச்சியில், குழந்தை இயேசுவைக் கையிலேந்திய நம் அன்னை!

இதைக் கண்டு நாம் வியப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சிலை வைக்கப்பட்ட காலம் இங்கிலாந்தில் அன்னையின் சுருபங்களை உடைத்த காலம். கல்லூரிக்கு அருகிலேயே உள்ள புனித கன்னி மரியாள் ஆலயத்தின் தெற்கு வாயிலில் 1637ஆம் ஆண்டில் அமைத்த தேவ அன்னையின் சுருபம், பேராயர் லாட் என்பவரின் மீது நடந்த வழக்கில் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படைவீரர்கள் அதைத் துப்பாக்கியால் சுட்டனர்.

முற்றத்தைச் சுற்றி ஆங்காங்கே சிறு வாயில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைகள். நம் விடுதிகளில் உள்ளதுபோல் நீண்ட தாழ்வாரமும் வரிசை அறைகளும் இங்கே இல்லை. ஒரு படிக்கட்டைப் பகிர்ந்துகொள்ளும் சிலர் அண்டை வீட்டார் போல ஆகின்றனர். அதே படிக்கட்டில் ஆசிரியரும் குடியிருப்பார். பிற்பகலில் மாணவன் ஒருவனோ இருவரோ கட்டுரை எழுதி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குச் செல்வர். அவர் எதிரிலேயே உரக்கப் படிப்பர். ஒரு மணிநேரம் அவர் கேள்வி கேட்பார். இதற்கு டியூட்டோரியல் என்று பெயர். அறுபது பேர் நடுவே தலையைக் குனிந்து மறைந்து கொள்ளலாம். அங்கே மறைய இடமில்லை. இரவில் அனைவரும் கூடத்தில் நீண்ட மேசைகளில் அமர்ந்து உண்பர். உறுப்பினர்களின் மேசை ஒருபுறம் சற்று உயர்ந்த மேடையில் இருக்கும். உண்ணுமுன் இலத்தீனில் செபம் சொல்லும் வழக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் ஃபெலோக்கள் மணம் செய்துகொள்ளலாகாது என்ற விதியும் இருந்தது. மணம் முடித்தவர் பதவியை விட்டு விலக வேண்டும். துறவற மடத்தின் சாயல், மடங்களை அழித்த நாட்டிலேயே, இவ்வாறு கல்லூரிக்குள் ஒளிந்து வாழ்ந்தது.

தமிழ் மக்களாகிய நமக்கு இத்தகைய கல்லூரி வாழ்வின் நன்மை ஒன்று நேரடியாகவே கிடைத்திருக்கிறது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப், தம் முதுமையில் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியைச் சார்ந்திருந்தார். ஓர் இரவு அக்கல்லூரி முற்றத்தில், தலைவர் ஜோவெட்டுடன் உலவிக்கொண்டிருந்தபோது பேச்சு திருவாசகத்தின் பக்கம் திரும்பியது. அதை மொழிபெயர்த்து முடிக்கத் தமக்கு ஆயுள் போதாது என்றார் போப். பெரியதொரு பணியைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும் வரை வாழ்வீர்கள் என்று ஜோவெட் தேற்றினார். 1900ஆம் ஆண்டில், தம் எண்பதாவது வயதில், போப் அந்நூலை வெளியிட்டார். ஜோவெட் அப்போது உயிரோடில்லை. விரிவுரை மண்டபத்தில் நிகழ்ந்ததன்று அது. முற்றத்து உலாவலில் நிகழ்ந்தது.

ஓரியலுக்குத் திரும்புவோம். பதினாறாம் நூற்றாண்டில் அரசரே திருச்சபையின் தலைவர் என்று சட்டம் வந்தபோது, அன்னையின் பெயர் தாங்கிய இல்லமும் புதிய வழிக்குத் திருப்பப்பட்டது. 1550ஆம் ஆண்டில் வில்லியம் ஆலன் என்ற இளைஞர் இங்கே ஃபெலோ ஆனார். அரசி மேரியின் காலத்தில் அடுத்திருந்த புனித மரியாள் மாணவர் இல்லத்தின் தலைவராகவும் உயர்ந்தார். எலிசபெத்து அரசியின் ஆட்சியில் கேட்கப்பட்ட உறுதிமொழியை அவர் கொடுக்க மறுத்தார்; பதவியையும் நாட்டையும் துறந்தார். 1568ஆம் ஆண்டில் கடலுக்கு அப்பால் துவே நகரில் ஆங்கிலேயக் குருமடம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பயின்று தாய்நாடு திரும்பிய குருக்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மறைசாட்சிகளாக உயிர் துறந்தனர். அவர்களில் முதல்வர் 1577ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட புனித கத்பர்ட் மேன். ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படித்த துவே விவிலியமும் அக்குருமடத்தின் பணியே. ஆலன் பின்னர் கர்தினால் ஆகி 1594ஆம் ஆண்டில் உரோமையில் மரித்தார். ஸ்பெயின் நாட்டுப் படையெடுப்புக்கு அவர் அளித்த ஆதரவைக் கத்தோலிக்க வரலாற்றாசிரியர்களே பாராட்டுவதில்லை, நாமும் பாராட்டவில்லை. ஆனால் ஓரியலில் தாம் கண்ட பொதுவாழ்வை ஒரு குருமடமாக அயல்மண்ணில் நட்டவர் அவர் என்பதை மறக்கலாகாது.

1581ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டில் சேரும் மாணவன் ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விதிகளுக்குக் கையொப்பமிட வேண்டும் என்று ஆயிற்று. கத்தோலிக்கனுக்குக் கதவு அடைந்தது. அதற்குப் பின் வந்த இரு நூற்றாண்டுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆக்ஸ்போர்டு உண்டு உறங்கிக் காலங்கழித்தது என்பதே பொதுவான தீர்ப்பு.

விழித்தெழுந்தவர்களில் முதல்வர் ஓரியலார். உறவு, ஊர், பரிந்துரை என்று பாராமல், கடினமான தேர்வு வைத்துத் திறமையாளரையே ஃபெலோக்களாகத் தேர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரியல் ஃபெலோ என்றால் இங்கிலாந்தின் அறிவாளிகளில் ஒருவர் என்று பொருள். கோப்பிள்ஸ்டன், வாட்லி, கீபிள், தாமஸ் ஆர்னால்டு முதலியோர் அந்த மேசையில் அமர்ந்தவர்கள். மற்றக் கல்லூரிகளில் உணவுக்குப்பின் திராட்சைமது ஓட, ஓரியலில் தேநீர் பரிமாறினார்களாம். "ஓரியல் தேநீர்க் கெண்டி" என்று ஊரார் கேலி பேசினர். தேநீரைக் கேலிக்கு உரியதாகக் கருதிய காலமும் இருந்தது என்பது நம் வீட்டாருக்கு வியப்பாகவே இருக்கும்.

1822ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்தத் தேர்வை எழுத வந்தார் ஜான் ஹென்றி நியூமன் என்னும் இருபத்தொரு வயது இளைஞர். டிரினிட்டிக் கல்லூரியில் பயின்றவர். அளவுக்கு மீறிப் படித்து, பட்டத் தேர்வில் உடலும் மனமும் சோர்ந்து, மிகத் தாழ்ந்த வரிசையிலே தேறியவர். அவர் ஓரியலுக்குப் போட்டியிடுவதே துணிச்சல் எனப் பலர் எண்ணினர். நாட்கணக்கில் நீண்ட தேர்வின் நடுவே, கூடத்துச் சாளரக் கண்ணாடியில் எழுதியிருந்த இலத்தீன் வாசகம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. "இறைப்பற்றோடு இளைப்பாறு" என்பது அதன் கருத்து. அது தமக்கு ஆறுதல் அளித்தது என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார்.

ஏப்ரல் 12ஆம் நாள் புரோவோஸ்டின் பணியாள் செய்தி கொண்டு வந்தபோது நியூமன் தம் அறையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்டீர், உடனே வரவேண்டும் என்றான் பணியாள். "நல்லது" என்று சொல்லிவிட்டு மீண்டும் வயலினில் ஆழ்ந்தார். வேறு யாருடைய அறைக்கோ வந்துவிட்டோமோ எனப் பணியாள் ஐயுற்று, சரியான ஆளிடந்தான் வந்திருக்கிறோமா என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் மறைந்ததும், வயலினை எறிந்துவிட்டுப் படிகளில் பாய்ந்து ஓடினாராம்! தம் வாழ்வின் திருப்புமுனை என அந்நாளை அவர் இறுதிவரை போற்றினார்.

சில ஆண்டுகள் சென்று, 1826இல், அவர் கல்லூரியின் டியூட்டர் ஆனார். இங்கேதான் நம் கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது. டியூட்டர் என்பவர் யார்? இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்துக் கூலி பெறும் ஆசிரியரா? அல்லது மாணவனின் ஆன்மாவுக்கும் பொறுப்பாளியா? குருப்பட்டம் பெற்ற ஒருவர் அப்பணியை ஏற்பதானால் அது மேய்ப்புப்பணியே என்று நியூமன் உறுதியாகக் கருதினார். அக்காலத்து மாணவர்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குடியிலும் களியாட்டத்திலும் மிதந்தனர். அத்தகையோரும் குறித்த நாளில் கட்டாயமாக நற்கருணை வாங்க வேண்டும் என்பது கல்லூரி விதி. வாங்கிவிட்டு நேரே ஷாம்பெயின் மதுவோடு காலை விருந்துக்குச் சென்றனர். நியூமன் இதனை மேலோர் ஒருவரிடம் முறையிட்டார். நம்ப முடியவில்லை, உண்மையாயினும் அறிய விரும்பவில்லை என்ற பொருளில் விடை கிடைத்தது.

1828ஆம் ஆண்டில் புரோவோஸ்ட் பதவி காலியாயிற்று. கீபிளா, ஹாக்கின்ஸா என்ற போட்டியில் நியூமன் ஹாக்கின்ஸையே ஆதரித்தார். வானதூதரைத் தேர்ந்தெடுப்பதானால் கீபிளுக்கு வாக்களிப்பேன், இப்போது தேர்வதோ புரோவோஸ்ட் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அந்த ஹாக்கின்ஸே அவருக்கு எதிராக நின்றார் என்பது வரலாற்றின் விளையாட்டு. நியூமன், ஹரல் ஃபுரூட், இராபர்ட் வில்பர்போர்ஸ் ஆகிய டியூட்டர்கள் தங்களுக்குள் பேசி, ஒவ்வொரு டியூட்டருக்கும் தனக்கென்று மாணவர் சிலர் இருக்க வேண்டும், அவர்களை அவரே அணுகி அறிந்து நடத்த வேண்டும் என்று ஒழுங்கு செய்தனர். கல்லூரியின் வழக்கமோ எல்லா மாணவரும் எல்லா டியூட்டருக்கும் பொதுவாய் இருப்பது. ஒழுங்கைக் குலைக்கிறீர்கள், சிலரிடம் சலுகை காட்ட இது வழிவகுக்கும் என்றார் ஹாக்கின்ஸ். அவர் தீயவர் அல்லர், கடமை தவறாதவர், தம் அதிகாரத்தில் பிறர் கைவைப்பதை மட்டும் பொறுக்காதவர். 1830ஆம் ஆண்டில், இனி உங்களுக்குப் புதிய மாணவர் எவரையும் அனுப்பமாட்டேன் என்று அறிவித்தார். பழைய மாணவர் படித்து வெளியேற வெளியேற, டியூட்டரின் அறை மெல்ல வெறுமையாயிற்று. பதவியிலிருந்து நீக்கவுமில்லை, வைத்துக்கொள்ளவுமில்லை. கற்பிக்கப் பிறந்த ஒருவரை ஒறுப்பதற்கு இதைவிடக் கொடிய வழி உண்டோ?

நாம் ஒரு கணம் நம் வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். பதினேழு வயது மகனையோ மகளையோ வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்க்கும்போது, கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, கழிப்பறை தூய்மையா என்றெல்லாம் கேட்கின்றோம். கேட்க வேண்டியவைதாம். ஆனால் மாலை ஆறு மணிக்குப்பின் அந்தப் பிள்ளையின் பெயரை அறிந்து, முகம் வாடியிருந்தால் "என்னப்பா?" என்று கேட்க அங்கே ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று எத்தனை பேர் விசாரிக்கின்றோம்? ஓரியலில் நடந்த வழக்கு இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

மாணவரை இழந்த நியூமனுக்கு நேரம் மிஞ்சியது. அந்த நேரத்தில் ஆதித்திருச்சபையின் தந்தையர் நூல்களைத் தொடர்ந்து படித்தார். 1833ஆம் ஆண்டில் ஆரியப் பதிதர்களைக் குறித்து நூல் எழுதினார். அந்தப் படிப்பே அவரை உரோமையின் வாயில்வரை கொண்டு சென்றது. ஹாக்கின்ஸ் மாணவர்களைத் தடுத்திராவிடில் நமக்கு இப்புனிதர் கிடைத்திருப்பாரோ என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு. 1836ஆம் ஆண்டில் நண்பர் ஃபுரூட் இளமையிலேயே மரித்தார். அவர் நூல்களில் நினைவாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி நியூமனிடம் சொன்னார்கள். அவர் விரும்பிய நூலை வேறொருவர் முன்னமே எடுத்துக்கொண்டார். ஆகவே பக்கத்திலிருந்த உரோமைக் கட்டளைச் செபநூலைப் பெற்றார். ஓரியலின் அறையில் அதை நாள்தோறும் சொல்லத் தொடங்கினார்.

1828ஆம் ஆண்டிலிருந்தே அவர் புனித கன்னி மரியாள் ஆலயத்தின் பங்குக்குருவாகவும் இருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவர் மெல்லிய குரலில் வாசித்த மறையுரைகளைக் கேட்க மாணவர் திரண்டனர். அவர்களைத் தடுக்கச் சில கல்லூரிகள் உணவு நேரத்தை மாற்றின என்பர். 1833இல் கீபிளின் மறையுரையோடு எழுந்த ஆக்ஸ்போர்டு இயக்கம், 1841இல் நியூமன் எழுதிய தொண்ணூறாவது துண்டுநூல், அதன்மேல் எழுந்த கண்டனம் ஆகியவற்றை வாசகர் பலர் அறிவர். 1843இல் பங்கைத் துறந்தார். 1845ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தம் இல்லமாய் இருந்த ஓரியலின் உறுப்பினர் பதவியையும் துறந்தார். ஆறு நாட்கள் கழித்து, நகருக்கு வெளியே லிட்டில்மோர் சிற்றூரில், மழையில் நனைந்து வந்திருந்த பாடுகளின் சபைக்குரு தோமினிக் பார்பெரி அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொண்டார். 1846 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டை விட்டு அவர் புறப்பட்டபோது வயது நாற்பத்தைந்து. அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள், இரயில் வண்டியின் சாளரம் வழியாகத் தொலைவில் தெரிந்த கோபுர முனைகளே அவர் கண்ட ஆக்ஸ்போர்டு.

வேலை போயிற்று, வீடு போயிற்று என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். போனது அதனினும் பெரிது. ஒரே மேசையில் உண்டவர்கள் போயினர். கீபிளும் பியூசியும் ஆங்கிலிக்கன் சபையிலேயே நின்றனர். 1865ஆம் ஆண்டு செப்டம்பரில், இருபது ஆண்டுகளுக்குப் பின், நியூமன் கீபிளின் வீட்டுக்குச் சென்றார். வாசலில் நின்ற கிழவரைக் கீபிளுக்கு அடையாளம் தெரியவில்லை. கதவருகில் நின்றவர் கீபிள் என்று நியூமனுக்கும் தெரியவில்லை. பியூசியும் அங்கிருந்தார். ஓரியலின் மூன்று பழைய ஃபெலோக்கள் அன்று சேர்ந்து உண்டனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் கீபிள் மரித்தார். டியூட்டர் மூவரில் எஞ்சிய வில்பர்போர்ஸின் கதையும் சொல்லத்தக்கது. அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய பெரியாரின் மகன் அவர். 1854இல் கத்தோலிக்கராகி, குருத்துவத்துக்கு ஆயத்தம் செய்கையிலேயே 1857இல் இத்தாலியில் இறந்தார்.

ஓரியலில் தடுக்கப்பட்ட எண்ணத்தை நியூமன் கைவிடவில்லை. டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அமைக்க அழைக்கப்பட்டபோது, 1852ஆம் ஆண்டு முதல் ஆற்றிய உரைகளில் அதையே மீண்டும் எடுத்துரைத்தார். தேர்வு மட்டும் வைத்துப் பட்டம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று. கற்பிக்காமல், இளைஞரை மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாய் வாழவைத்து அனுப்பிவிடும் நிறுவனம் மற்றொன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமானால் தம் வாக்கு இரண்டாவதற்கே என்றார். பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது ஆசிரியரிடம் கற்பதைவிடக் குறைந்ததன்று என்பது அவர் கருத்து. கர்தினால் ஆனபோது, "இதயம் இதயத்தோடு பேசுகிறது" என்னும் சொற்களை விருதுவாக்காக எடுத்துக்கொண்டதும் இதனாலேயே என்று நாம் கருதுகின்றோம்.

கத்தோலிக்க மாணவருக்கு ஆக்ஸ்போர்டின் கதவு 1854ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதியும், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுவதும் திறந்தது. ஆனால் நம் ஆயர்களே பிள்ளைகளை அங்கே அனுப்பத் தயங்கினர். விசுவாசம் கெடும் என்ற அச்சம். நியூமன் அங்கே ஓர் ஆலயமும் இல்லமும் அமைக்க நிலம் வாங்கினார், தடுத்துவிட்டார்கள். 1895ஆம் ஆண்டில்தான் திருச்சபை அனுமதி அளித்தது. அவர் மறைந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் ஓர் ஆறுதல்: 1878ஆம் ஆண்டில் அவர் முதலில் படித்த டிரினிட்டிக் கல்லூரி அவரைத் தன் முதல் கௌரவ ஃபெலோவாகத் தேர்ந்து வரவேற்றது.

ஓரியலின் பிற்காலக் கதை மற்றொரு பெயரைச் சுற்றியது. ஹை ஸ்ட்ரீட் எனப்படும் பெருந்தெருவை நோக்கிய கட்டடத்தின் உச்சியில், அரசர் சிலைகளுக்கும் மேலாக, செசில் ரோட்ஸ் நிற்கிறார். தென்னாப்பிரிக்காவில் வைரமும் நிலமும் திரட்டிய ஆங்கிலப் பேரரசுவாதி. இக்கல்லூரியின் பழைய மாணவர். 1902இல் அவர் விட்டுச்சென்ற 1,00,000 பவுன் பணத்தில் 1911ஆம் ஆண்டில் அக்கட்டடம் எழுந்தது. கறுப்பின மக்களின் நிலத்தையும் உரிமையையும் பறித்தவரின் சிலையை அகற்றவேண்டும் என்று 2015ஆம் ஆண்டு முதல் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. 2020இல் கல்லூரி அதை அகற்ற விருப்பம் தெரிவித்தது. 2021இல், செலவையும் சட்டத் தடைகளையும் காட்டி, இப்போதைக்கு அகற்றுவதில்லை என்று முடிவு செய்தது. முன் முற்றத்தில் அரசர்க்கு மேலே அன்னையை வைத்தவர்கள், தெருப்பக்கத்தில் அரசர்க்கு மேலே யாரை வைத்துவிட்டார்கள் பாருங்கள்! ஒரு வீட்டுக்குள் எல்லா வகைப் பிள்ளைகளும் பிறப்பார்கள் போலும்.

ஆண்கள் கல்லூரிகளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் கடைசிவரை தயங்கியதும் ஓரியலே. 1985ஆம் ஆண்டில்தான் மாணவியர் இங்கே வந்தனர். 2013இல் பெண் ஒருவரே புரோவோஸ்டாக அமர்ந்தார். அன்னையின் பெயரைத் தாங்கிய இல்லத்தில் பெண் குடிபுக அறுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

2019ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் நியூமனைப் புனிதராக அறிவித்தார். அன்று அதே பீடத்தில் புனிதையாக உயர்த்தப்பட்டவர்களில் நம் அண்டைக் கேரளத்தின் மரியம் திரேசியாவும் ஒருவர். ஏழைக் குடும்பங்களின் வீடு வீடாகச் சென்று பணிசெய்தவர். 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ, நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். புனித தாமஸ் அக்குவினாசோடு கத்தோலிக்கக் கல்விக்குத் துணைப் பாதுகாவலராகவும் ஏற்படுத்தினார். மாணவரை அனுப்பமாட்டேன் என்று ஓரியல் சொன்ன டியூட்டருக்கு, உலகெங்கும் உள்ள கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் திருச்சபை ஒப்படைத்துவிட்டது.

நம் பங்குகளிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கவும் பணிக்கும் செல்லும் இளைஞர் இப்போது பலர். ஆக்ஸ்போர்டு செல்வோர் ஓரியலின் முன் முற்றத்தைக் கண்டு, சிற்றாலயத்துக்கும் செல்லலாம். அதை ஒட்டிய மாடியில்தான் நியூமனின் அறைகள் இருந்தன; ஆலய முன்பகுதிக்கு மேலே அவர் தனித்துச் செபித்த சிறு இடம் செபக்கூடமாகப் பேணப்படுகிறது. பின்னர் லிட்டில்மோருக்கும் போக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தொலைவே. குதிரைலாயமாய் இருந்ததைத் திருத்தி நியூமனும் தோழர்களும் வாழ்ந்த தாழ்ந்த கட்டடம் அங்கே தோட்டத்தைச் சூழ்ந்து நிற்கிறது. 1987ஆம் ஆண்டு முதல் அருட்சகோதரியர் அதைப் பராமரித்து வருகின்றனர். கதவைத் தட்டினால் உள்ளே அழைத்துச் சென்று, அவர் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இடத்தைக் காட்டுவார்கள். அருகிலுள்ள சிற்றாலயத்தில் சற்றுநேரம் அமர்ந்து செபிக்கவும் இடம் தருவார்கள்.